மைல் கணக்கும் மளிகைக்கடை ஸ்டாம்பும்

ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. வந்ததும் வராததுமா ஒரு புலம்பலோட ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கோங்க மக்கா.

போன மாசம் ஒரு மெயில் வந்தது. 'மதிப்புமிக்க வாடிக்கையாளரே'ன்னு ஆரம்பம். எந்தக் கம்பெனியும் நம்மளை அப்படிக் கூப்பிட்டா ஏதோ ஆப்பு ரெடின்னு அர்த்தம். விஷயம் இதுதான். ஒரு விமானக் கம்பெனி சென்னை - சிங்கப்பூர் பிசினஸ் கிளாஸ் போக வர 45,000 மைல் கேட்டுக்கிட்டு இருந்தது. இனிமே 58,000 ஆம். முன்னறிவிப்பு கிடையாது. நான் மூணு வருஷமா கிரெடிட் கார்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு 82,000 பாயிண்ட் சேர்த்து வச்சிருந்தேன். 90,000 ஆனதும் அப்பா அம்மா ரெண்டு பேரையும் அக்கா வீட்டுக்கு, காலை நீட்டிப் படுத்துக்கிட்டுப் போற சீட்டுல அனுப்பணும்னு திட்டம். அப்பா இதுவரைக்கும் விமானத்துல ஏறினதே இல்லை. கோவில்பட்டியில எலக்ட்ரிக்கல் சாமான் கடை. ஒரு நாள் கடையைப் பூட்டச் சொன்னாலே அவருக்குக் காய்ச்சல் வந்துரும்.

சேர்த்த கதை பெரிய கதை. ஆபீஸ்ல அஞ்சு பேரு சாப்பிட்டா பில்லு என் கார்டுல, அவங்க எனக்கு காசு அனுப்பிருவாங்க. ரூம் மேட் ஃப்ரிட்ஜ் வாங்கினா என் கார்டு. அக்கா கல்யாண நகைக்கும் என் கார்டு. 'இவன் கார்டைப் பாத்தாலே ஓடிருவான்டா'ன்னு கிண்டல் பண்ற அளவுக்கு ஆயிடுச்சு. எட்டாயிரம் பாயிண்ட்ல கோட்டை விட்டேன்.

அந்த ராத்திரி தூக்கம் வரலை. நம்மளை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்குத் தூக்கம் வராட்டி என்ன செய்வோம்? இந்தக் கூத்தை முதல்ல ஆரம்பிச்சவன் எவன்டான்னு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதுல கிடைச்சதுதான் இது.

நான் நினைச்ச மாதிரி இது விமானத்துல ஆரம்பிக்கலை. மளிகைக் கடையில ஆரம்பிச்சது. 1896-ல அமெரிக்காவுல ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன்னு ஒரு கம்பெனி. இவங்க சின்னச் சின்ன பச்சை ஸ்டாம்ப் அச்சடிச்சுக் கடைக்காரங்களுக்கு வித்தாங்க. கடைக்காரர் 10 சென்ட்டுக்கு வாங்குற ஆளுக்கு ஒரு ஸ்டாம்ப் குடுப்பார். வீட்டம்மா அதை நாக்கால நக்கி ஒரு புத்தகத்துல ஒட்டி வைப்பாங்க. புத்தகம் நிறைஞ்சதும் அந்தக் கம்பெனியோட கடைக்குப் போய் டோஸ்டரோ விளக்கோ வாங்கிக்கலாம். 1960-கள்ல அமெரிக்கத் தபால் துறை அச்சடிக்கிறதை விட மூணு மடங்கு ஸ்டாம்ப் நாங்க அச்சடிக்கிறோம்னு பெருமையாச் சொல்லிக்கிட்டாங்க.

இதுல மூணு விஷயம் கவனிங்க. ஸ்டாம்புக்குக் காசு குடுக்கிறவர் கடைக்காரர். அவர் அதை சாமான் விலையில ஏத்திருவார். ஸ்டாம்பைத் தொலைச்சவங்க, பாதிப் புத்தகத்தோட விட்டவங்க எல்லாரோட காசும் ஸ்டாம்ப் கம்பெனிக்கு லாபம். இன்னிக்கு நம்ம போன்ல இருக்கிற ரிவார்ட் பாயிண்ட்ல இந்த மூணும் அப்படியே இருக்கு. நக்குறது மட்டும்தான் இல்லை.

இப்ப விமானத்துக்கு வருவோம். 1978 வரைக்கும் அமெரிக்காவுல எந்த ஊருக்கு யார் பறக்கணும், என்ன கட்டணம் வாங்கணும்னு எல்லாம் ஒரு அரசு வாரியம்தான் முடிவு பண்ணும். விலையில போட்டி போட முடியாததால, சாப்பாட்டுலயும் சீட்டுலயும்தான் போட்டி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 747-ல பியானோ வச்சு பார் நடத்தின கதையெல்லாம் உண்டு. 1978 அக்டோபர்ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். உடனே புதுப்புதுக் கம்பெனி, சல்லிசு டிக்கெட். பழைய பெரிய கம்பெனிக்கெல்லாம் வயித்துல புளி. தினமும் பறக்கிற வியாபாரியை எப்படிக் கையில பிடிச்சு வைக்கிறது?

அமெரிக்கனோட தலைவர் ராபர்ட் கிராண்டால். சாலட்ல இருந்து ஒரு ஆலிவ் காயை எடுத்துட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடிச்சார்னு கதை சொல்லப்படுற ஆள். நம்ம மெஸ்ல முட்டையைப் பாதியா வெட்டி வைப்பாங்கல்ல, அந்த ஜாதி. அவர் கையில ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. சேபர்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், ஏன்னா இது நம்ம தொழில். 1953-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து நியூயார்க் போற விமானத்துல அமெரிக்கனோட தலைவர் சி. ஆர். ஸ்மித்தும் ஐபிஎம் விற்பனையாளர் ஒருத்தரும் பக்கத்துப் பக்கத்து சீட். அந்த ஆள் பேரும் ஸ்மித். 'உங்க பேரும் ஸ்மித்தா'ன்னு ஆரம்பிச்ச பேச்சு, டிக்கெட் முன்பதிவை கம்ப்யூட்டர்ல பண்ணலாமாங்கிறதுல போய் முடிஞ்சது. அதுவரைக்கும் பெரும்பாலும் அட்டையும் பென்சிலுமாத்தான் முன்பதிவு. 1960-கள்ல சேபர் முழுசா ஓட ஆரம்பிச்சப்ப, அரசாங்கத்துக்கு வெளியே அவ்வளவு பெரிய நிகழ்நேர சிஸ்டம் ரொம்ப அபூர்வம்.

1981-ல கிராண்டாலோட ஆட்கள் செஞ்சது ஒரு சிம்பிள் வேலை. சேபர்ல திரும்பத் திரும்ப வர்ற போன் நம்பர் எது எதுன்னு தேடினாங்க. அடிக்கடி டிக்கெட் போடுறவன் அதே நம்பரைத்தானே குடுப்பான்? ஒரு குரூப் பை, ஒரு கவுண்ட், அவ்வளவுதான். (இன்னிக்கு இதுக்கு 'டேட்டா சயின்ஸ்'னு பேரு வச்சு மூணு லட்சம் ஃபீஸ் வாங்குறான்.) சுமார் ஒன்றரை லட்சம் பேர் பட்டியல் கிடைச்சது. 1981 மே 1-ம் தேதி அட்வான்டேஜ் திட்டம் ஆரம்பம். பறக்கிற ஒவ்வொரு மைலுக்கும் ஒரு மைல் கணக்குல ஏறும். ஒரே வாரத்துல யுனைடெட் 'மைலேஜ் பிளஸ்'னு பதிலடி குடுத்தது. இவங்களுக்கு முன்னாடியே 1979-ல டெக்சாஸ் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி இதே மாதிரி ஒண்ணு நடத்திச்சு. ஆனா நாடு முழுக்கப் பரவினது அமெரிக்கனாலதான்.

இந்தக் கணக்கு ஏன் கட்டுப்படியாச்சுங்கிறது முக்கியம். அப்ப அமெரிக்க விமானங்கள்ல சராசரியா நூத்துக்கு அறுபது சீட்தான் நிறையும். மீதி நாப்பது காத்து வாங்கிட்டுப் பறக்கும். அதுல ஒருத்தரை இலவசமா உக்கார வச்சா கம்பெனிக்குச் செலவு ஒரு சாப்பாடும் கொஞ்சம் பெட்ரோலும்தான். வாங்குறவனுக்கு அது பெரிய பரிசு. ரெண்டு பக்கமும் லாபம். இப்ப எண்பதுக்கு மேல நிறையுது. சும்மா கிடக்கிற சீட்டே கம்மி. பாயிண்டை வச்சுக்கிட்டு தீபாவளிக்கு டிக்கெட் தேடினா ஏன் கிடைக்க மாட்டேங்குதுன்னு இப்பப் புரியுதா?

அசல் திருப்பம் 1987-ல. அமெரிக்கனும் சிட்டிபேங்கும் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு விட்டாங்க. ஒரு டாலர் செலவழிச்சா ஒரு மைல். விமான நிலையத்துப் பக்கமே போகாத ஆள் கூட காய்கறி வாங்கி மைல் சேர்க்கலாம். அதுவரைக்கும் மைல் ஒரு பரிசு. அன்னிக்கு அது சரக்கா மாறிடுச்சு. விமானக் கம்பெனி மைலை மொத்த விலைக்கு பேங்குக்கு விக்கும், பேங்கு அதைச் சில்லறையா நமக்குக் குடுக்கும். பேங்குக்கு அந்தக் காசு எங்க இருந்து வருது? கார்டைத் தேய்க்கிற கடைக்காரர் கிட்ட இருந்து. பச்சை ஸ்டாம்பே தான், பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு.

அச்சடிக்கிற உரிமை கையில இருந்தா யாருக்கும் கை சும்மா இருக்காது. 1988-ல டெல்டா மூணு மடங்கு மைல்னு அறிவிக்க, எல்லாரும் பின்னாடியே ஓடினாங்க. கோடிக்கணக்குல மைல் சேர்ந்துபோச்சு. அப்புறம் பயம் வந்து, விதியை மாத்துனாங்க. அமெரிக்கன் இலவச சீட் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வச்சு, இந்த இந்தத் தேதியில கிடையாதுன்னு சொல்லிச்சு. ஏற்கெனவே சேர்த்து வச்ச மைலுக்கும் அதே விதி. கோபமான உறுப்பினர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1995-ல உச்ச நீதிமன்றம், நுகர்வோரை ஏமாத்துனாங்கன்னு மாநிலச் சட்டத்துல வழக்குப் போட முடியாது, ஒப்பந்தத்தை மீறினாங்கன்னு மட்டும் போடலாம்னு சொல்லிடுச்சு. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கும்? 'எப்போ வேணாலும் மாத்துவோம்'னு எழுதியிருக்கும். 2014-ல இன்னொரு வழக்கு, நார்த்வெஸ்ட் எதிர் கின்ஸ்பெர்க். அடிக்கடி புகார் குடுத்தார்னு ஒரு யூத மதகுருவோட உறுப்பினர் கணக்கை 2008-ல நிறுத்தியிருந்தாங்க. நல்லெண்ணத்தோட நடக்கலைன்னு அவர் போட்ட வழக்கும் தள்ளுபடி, அதுவும் நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரல்ல. எனக்கு வந்த மெயிலைப் பத்தி யார்கிட்டயாவது சண்டை போடலாமான்னு ஒரு நப்பாசை இருந்தது. இதைப் படிச்சதும் போயிடுச்சு.

சோகமே பேசிட்டு இருந்தா எப்படி? நம்ம இனத்து ஆளு ஒருத்தரைப் பத்திச் சொல்றேன். டேவிட் பிலிப்ஸ், கலிஃபோர்னியாவுல சிவில் இன்ஜினியர். 1999-ல ஹெல்தி சாய்ஸ் உணவுக் கம்பெனி, பத்து பார்கோடு அனுப்பினா 500 மைல், மே மாசத்துக்குள்ள அனுப்பினா 1,000 மைல்னு ஒரு சலுகை விட்டது. எந்தச் சரக்கா இருந்தாலும் ஒரே கணக்கு. இவர் கடை கடையா ஏறி, இருக்கிறதுலயே விலை கம்மியான சரக்கைத் தேடினார். ஒரு கப் 25 சென்ட்டுக்கு புட்டிங் கிடைச்சது. 12,150 கப் வாங்கினார். மொத்தச் செலவு சுமார் 3,140 டாலர். பார்கோடு உரிக்கவே குடும்பத்துக்கு விரல் தேஞ்சு போச்சு. உடனே சால்வேஷன் ஆர்மிகிட்ட போய், 'புட்டிங்கை நீங்க வச்சுக்கோங்க, லேபிளை மட்டும் உரிச்சுக் குடுங்க'ன்னு பேசி முடிச்சார். பன்னிரண்டரை லட்சம் மைல் கிடைச்சது. தானம் பண்ணினதுக்கு 815 டாலர் வரிவிலக்கு வேற! 2002-ல வந்த 'பஞ்ச் டிரங்க் லவ்' படத்துல புட்டிங் வாங்குற பாத்திரம் இவரை வச்சு வந்ததுதான். அந்தச் சலுகையை எழுதினவன் 'ஒரு பார்கோடு எவ்வளவுக்குக் கிடைக்கும்'னு யோசிக்கவே இல்லை. எட்ஜ் கேஸை டெஸ்ட் பண்ணாம புரொடக்ஷனுக்கு அனுப்பின மாதிரி.

அடுத்த கூத்து அரசாங்கமே பண்ணினது. ஒரு டாலர் நாணயத்தைப் புழக்கத்துல விடணும்னு அமெரிக்க நாணயச்சாலை 2008-ல ஒரு திட்டம் கொண்டுவந்தது. கார்டுல பணம் கட்டினா முக மதிப்புக்கே, தபால் செலவு இல்லாம வீட்டுக்கு வரும். மைல் பிரியர்கள் பெட்டி பெட்டியா வாங்கி, அப்படியே பேங்குல கட்டி, அந்தக் காசுல கார்டு பில்லை அடைச்சாங்க. செலவு சைபர். மைல் மட்டும் மிச்சம். 2011 ஜூலையிலதான் முழிச்சுக்கிட்டு கார்டு வாங்குறதை நிறுத்தினாங்க.

எல்லா ஊர்லயும் இது சிரிப்பா முடியலை. ஜெர்மனியில 2002-ல அரசாங்க வேலையாப் பறந்து சேர்த்த மைலை சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினாங்கன்னு பத்திரிகையில வந்து, பெர்லின் மாநில அமைச்சர் கிரிகோர் கீசி பதவியையே விட்டுட்டார். அதே சமயத்துல அமெரிக்காவுல சட்டம் நேர் தலைகீழ். அரசு ஊழியர் வேலையாப் பறந்து சேர்த்த மைலைத் தானே வச்சுக்கலாம்னு 2001 கடைசியில விட்டுட்டாங்க. ஆன்சைட் போயிட்டு வந்த மைல்ல ஹனிமூன் போன நண்பர்கள் யாரும் ஜெர்மன் அரசியலுக்குப் போயிராதீங்க, சொல்லிட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாச் சொல்லிடுறேன். 2015-ல டெல்டாவும் யுனைடெட்டும், 2016-ல அமெரிக்கனும், பறக்கிற தூரத்தை விட்டுட்டு குடுக்கிற காசை வச்சு மைல் போட ஆரம்பிச்சாங்க. இந்த ஊருக்கு இத்தனை மைல்னு போட்டிருந்த அட்டவணையையும் ஒவ்வொருத்தரா எடுத்தாங்க. டெல்டா 2015, யுனைடெட் 2019, அமெரிக்கன் 2023. அட்டவணை இருந்தா விலை ஏத்தும்போது நாலு பேரு சண்டைக்கு வருவான். இல்லைன்னா எதை வச்சு சண்டை போடுவான்? 2020-ல கொரோனா வந்து விமானமெல்லாம் தரையில நின்னப்ப, யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானம் வச்சு 680 கோடி டாலர் கடன் வாங்குச்சு. டெல்டா 900 கோடி. அடுத்த வருஷம் அமெரிக்கன் 1,000 கோடி. அப்ப யுனைடெட் குடுத்த கணக்குல அந்தத் திட்டத்தோட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில மொத்தக் கம்பெனியோட மதிப்பே அன்னிக்கு அதை விடக் கம்மி! விமானத்தையெல்லாம் கழிச்சா தேறும், மைலைக் கழிச்சா தேறாது.

நம்ம ஊர்ப் பக்கம் வந்தா, கிங்ஃபிஷர் 2012-ல நின்னப்ப அதோட மைலும் போச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னது. அதோட மைல் திட்டம் தனிக் கம்பெனியா இருந்ததால பேரை மாத்திக்கிட்டுத் தப்பிச்சது. ஆனா மைல் இருந்து என்ன, பறக்க ஜெட் இல்லை. விஸ்தாராக்காரங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட இணைஞ்சப்ப பாயிண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு கூடவே வந்துடுச்சு.

சரி, என் 82,000-க்கு வர்றேன். பாயிண்டோட மதிப்பு கண்டுபிடிக்கிற வாய்ப்பாடு சுலபம். டிக்கெட் விலையில இருந்து நாம எப்படியும் கையில கட்டவேண்டிய வரியைக் கழிங்க. மீதியை மைலால வகுங்க. அந்த பேங்கோட பரிசுப் பட்டியல்ல குக்கர், ஹெட்போன் எல்லாம் ஒரு பாயிண்டுக்கு 25 பைசா. அப்படின்னா என் மூணு வருஷ உழைப்பு 20,500 ரூபா. அதுவே பிசினஸ் கிளாஸ்ல, டிக்கெட் 95,000, வரி 9,000, பழைய கணக்குப்படி 45,000 மைல். ஒரு மைலுக்கு 1 ரூபா 91 பைசா. புது விலையில 1 ரூபா 48 பைசா. எகானமியில 28,000 டிக்கெட், 7,000 வரி, 25,000 மைல்னு இருந்தப்ப 84 பைசா.

எக்செல்ல இதைப் போட்டு வச்சுக்கிட்டுதான் மூணு வருஷமா 1.91-ஐக் காதலிச்சேன். ஆனா ஒரு கேள்வியை அந்த எக்செல் கேக்கவே இல்லை. என் கைக்காசு 95,000 போட்டு அந்த சீட்டை நான் வாங்கியிருப்பேனா? சத்தியமா மாட்டேன். அப்ப எனக்கு அது 95,000 ரூபா சீட்டு இல்லை. நான் காசு குடுத்து வாங்குறது 28,000 ரூபா சீட்டு. அந்தக் கணக்குல பாத்தா, போன வருஷமே 50,000 மைல்ல ரெண்டு பேரையும் அனுப்பியிருக்கலாம். அக்கா பொண்ணு தவழ்றப்பவே தாத்தா பாத்திருப்பார். இப்ப அவ ஓடுறா.

பேங்குல இருக்கிற பாயிண்டை விமானக் கம்பெனிக்கு மாத்திட்டா திரும்ப வாங்க முடியாதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. சீட் கண்ணுல தெரிஞ்ச அப்புறம்தான் மாத்தணும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் உஷாரா இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பாகிட்ட சொன்னேன்.

"டிக்கெட்டு போடப்போறேன்பா. பாயிண்ட்ல வருது, வரி மட்டும்தான் நம்ம காசு."

"சும்மா குடுக்கானாக்கும்? எவன் வீட்டுக் காசு?"

"கார்டைத் தேய்ச்சா குடுப்பாங்கப்பா. கடைக்காரங்க பேங்குக்கு ரெண்டு பர்சென்ட் மாதிரி கட்டுவாங்கள்ல, அதுல இருந்து..." சொல்லும்போதே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அப்பா கல்லாவுக்குப் பக்கத்துல இருந்த மெஷினைப் பாத்தார். "நம்ம கடையிலயும்தாம்ல புடிக்கான். ஃபேன் ஒண்ணுக்கு நூறு ரூவா நிக்கும். கார்டு குடுத்தாம்னா அதுல பாதிய அவன் கொண்டுபோயிருதான். அது ஒனக்குத்தான் வருதா?"

சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரலை. 2010-ல பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு ஞாபகம் வந்தது. அமெரிக்காவுல ரொக்கம் குடுத்து வாங்குற குடும்பம் ஒண்ணு, தனக்கே தெரியாம, வருஷத்துக்குச் சராசரியா 149 டாலரை கார்டு வச்சிருக்கிற குடும்பங்களுக்குக் குடுக்குது. கார்டுக் குடும்பத்துக்குக் கிடைக்கிறது 1,133 டாலர். எல்லாருக்கும் ஒரே விலை, ஒருத்தனுக்கு மட்டும் ஸ்டாம்ப். ஐரோப்பாவுல 2015-ல பேங்குகளுக்குள்ள கைமாறுற அந்தக் கட்டணத்துக்கு, கிரெடிட் கார்டுன்னா 0.3 சதவீதம்தான்னு உச்சவரம்பு வச்சுட்டாங்க. அங்க பாயிண்டும் சுண்டிப்போச்சு. நம்ம நாட்டுல டெபிட் கார்டுக்கு வரம்பு உண்டு, 2020-ல இருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர் கட்டவேண்டியது சைபர். கிரெடிட் கார்டுக்கு மட்டும் வரம்பு இல்லை. என் 82,000 அந்த ஓட்டையில இருந்து வந்ததுதான். அதுல ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு ஃபேன் கடைக்காரரோட அம்பது ரூபாயும் இருக்கும்.

அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லலை. "போடட்டுமாப்பா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"கடைய யாரு பாப்பா?"

"நான் ஒரு வாரம் லீவு போட்டு வந்து உக்காருதேன்."

"நீயா? வயருக்கும் கேபிளுக்கும் வித்தியாசம் தெரியுமா ஒனக்கு?" இன்ஜினியரிங் படிச்சவனைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? அம்மா உள்ள இருந்து, "அவரு கெடக்காரு, நீ போடு"ன்னு சொன்னதும் அங்கேயே உக்காந்து போட்டுட்டேன். எகானமியும் ஏறியிருந்தது, ஆளுக்கு 27,500. ரெண்டு பேருக்கு 55,000 மைல், வரி 14,000. அந்த வரியைக் கட்ட கார்டை வெளிய எடுத்தேன். அப்பா பாத்துக்கிட்டே இருந்தார். ஆன்லைன்ல வேற வழி இல்லை, கார்டுலயே கட்டினேன். அதுக்கும் பாயிண்ட் ஏறிடுச்சு.

ஜன்னல் சீட்டு அப்பாவுக்கு. மீதி 27,000 இருக்கு. அம்மா காசிக்குப் போகணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்காங்க. 1.91 எல்லாம் வேண்டாம், இன்னிக்கு ராத்திரியே சீட்டு இருக்கான்னு பாக்கணும்.